எறிந்தவரும் பிடித்தவரும்

மாதுங்காவில் நமது இல்லத்துக்கு வரும் சங்கத்து அன்பர்கள், "நான்கு மாதம் அமெரிக்காவில் தங்கியிருந்தீரே, அங்கே என்ன பார்த்தீர்?" என்று வினவுகிறார்கள். நயாகராவைப் பார்த்தோம், வாஷிங்டனைப் பார்த்தோம் என்று சொல்லி வைக்கிறோம். உண்மையில் நாம் மிகுதியாகப் பார்த்தது பந்தாட்டமே. எழுபத்தெட்டாவது வயதில் இது என்ன பைத்தியம் என்று நமது இல்லாள் கடிந்துகொண்டதும் உண்டு.

நம் மகளும் மாப்பிள்ளையும் பால்டிமோர் நகருக்கு அருகில் வசிக்கிறார்கள். பேரனுக்குப் பன்னிரண்டு வயது. அந்நாட்டார் ஃபுட்பால் என்று சொல்வது நாம் கூப்பரேஜ் மைதானத்தில் கண்ட கால்பந்து அன்று. அதில் பந்தைக் காலால் உதைப்பது அபூர்வம். கையால் எறிவதும், பிடிப்பதும், பிடித்தவனை மற்றவர்கள் மேலே விழுந்து வீழ்த்துவதுமே ஆட்டம். பந்து உருண்டையாக இராது. இரு முனையும் கூர்த்திருக்கும். பக்கத்துக்குப் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் கட்சிக்கு நான்கு வாய்ப்புகள். அவற்றுக்குள் பத்து கஜம் முன்னேறிவிட்டால் மேலும் நான்கு கிடைக்கும். நூறு கஜ நீளமுள்ள அந்த மைதானத்தை இவ்வாறு அங்குலம் அங்குலமாகக் கடப்பதைப் பார்த்தபோது, நமது அலுவலகத்தில் கோப்புகள் மேசைக்கு மேசை நகர்ந்த விதம் நினைவுக்கு வந்தது.

இந்த ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் என்பவனே சூத்திரதாரி. பந்து முதலில் அவன் கைக்கு வருகிறது. யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று விநாடிகளில் அவன் தீர்மானித்தாக வேண்டும். தாமதித்தால் எதிரிகள் அவனை மண்ணில் சாய்த்துவிடுவார்கள். அவன் எறிவதை ஓடிப் பிடிப்பவன் ரிசீவர். ஓடுகிறவன் நின்று திரும்பிப் பார்த்த பிறகு எறிவதுதானே இயல்பு என்று நாம் நினைத்திருந்தோம். அது பிழை. தேர்ந்த ஆட்டக்காரன், மற்றவன் திரும்புவதற்கு முன்பே பந்தை எறிந்துவிடுகிறான். அப்போது அந்த இடத்தில் யாருமே இல்லை. பந்து போய்ச் சேரும் கணத்தில் தோழன் அங்கே இருப்பான் என்ற நம்பிக்கை ஒன்றே அந்த வீச்சுக்கு ஆதாரம். இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தொலைக்காட்சிப் பெட்டியை விட்டு நாம் அசையவில்லை.

பேரன் தன் வயதுப் பிள்ளைகளுடன் இதே ஆட்டத்தைச் சாதுவான முறையில் ஆடுகிறான். அதில் ஆளை வீழ்த்துவதில்லை. இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையைப் பிடித்து இழுத்தாலே போதும். அவன் பந்தைப் பிடிக்கிறவன். ஒரு நாள் அவனுடைய கட்சி வென்றது. மூன்று முறை கடினமான பந்துகளை அவன் பிடித்தான். ஆயினும் வீடு திரும்பும்போது முகம் சுண்டியிருந்தது. எல்லோரும் எறிந்த பையனையே தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்களாம். "நான் பிடிக்காவிட்டால் அவன் எறிந்தது என்ன ஆகியிருக்கும், தாத்தா?" என்று கேட்டான்.

மறுவாரம் மாப்பிள்ளை எங்களை அந்நகரத்து விளையாட்டரங்குக்கு அழைத்துச் சென்றார். வாயிலில் ஜானி யூனிடாஸ் என்பவருடைய சிலை, கையில் பந்துடன் நிற்கிறது. ரசிகர்கள் நல்ல சகுனமென்று அதன் காலணியைத் தொட்டுச் செல்கிறார்கள். அங்கே நின்றுகொண்டு மாப்பிள்ளை சொன்ன வரலாற்றைப் பிறகு நூல்களிலும் தேடிப் படித்தோம்.

யூனிடாஸை 1955இல் பிட்ஸ்பர்க் அணியினர் தேர்ந்தெடுத்து, பருவம் தொடங்கும் முன்பே வேண்டாமென்று அனுப்பிவிட்டார்கள். அவர் கட்டட வேலை செய்து பிழைத்துக்கொண்டு, ஆட்டத்துக்கு ஆறு டாலர் கூலியில் ஒரு சிறிய அணிக்கு ஆடினார். 1956இல் பால்டிமோரின் கோல்ட்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. அங்கே அவருக்கு ஓராண்டு முந்தி வந்து சேர்ந்திருந்தவர் ரேமண்ட் பெரி. பெரியை 1954இல் இருபதாவது சுற்றில்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதாவது யாரும் பொருட்படுத்தாத இடம். கண்பார்வை குறைவு, ஓட்டத்திலும் பெரிய வேகம் இல்லை. முதல் ஆண்டில் அவர் பிடித்த பந்துகள் 13 மட்டுமே.

இப்படி ஒதுக்கப்பட்ட இருவர் சேர்ந்தார்கள். பயிற்சி முடிந்து மற்றவர்கள் போன பிறகும் இவர்கள் இருவரும் மைதானத்தில் தங்கி, ஒரே வீச்சைத் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்ப்பார்கள். எதிரியிடமிருந்து விலகி ஓட 88 வகை அசைவுகளைப் பெரி வகுத்து வைத்திருந்தாராம். விரல்களுக்கு வலுவேறக் களிமண் போன்ற ஒரு பொருளை எந்நேரமும் பிசைந்துகொண்டிருப்பாராம். 1958 டிசம்பர் 28 அன்று நியூயார்க்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் இந்த உழைப்பு பலித்தது. இரண்டு நிமிடங்களுக்குச் சற்றே குறைவான நேரம் எஞ்சியிருக்க, கோல்ட்ஸ் அணி மூன்று புள்ளிகள் பின்தங்கியிருந்தது. யூனிடாஸ் அடுத்தடுத்து மூன்று முறை பெரிக்கே எறிந்தார். 25 கஜம், 15 கஜம், 22 கஜம். ஏழு விநாடி மிச்சமிருக்கையில் ஆட்டம் சமமாயிற்று. நீட்டித்த நேரத்தில் 23க்கு 17 என்று வென்றார்கள். அன்று பெரி பிடித்தவை 12 பந்துகள், 178 கஜம்.

"பெரிக்கு ஏன் இங்கே சிலை இல்லை?" என்று பேரன் கேட்டான். மாப்பிள்ளைக்குச் சட்டென்று விடை கிடைக்கவில்லை. இருவரும் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றவர்கள்தாம், பெரி 1973இலும் யூனிடாஸ் 1979இலும், என்று சமாதானம் சொன்னார். பையன் சமாதானமடையவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு மாப்பிள்ளைக்கும் நமக்கும் இரவெல்லாம் இதே வாதம். எறிபவன் பெரியவனா, பிடிப்பவன் பெரியவனா? மயாமி அணியின் டான் மரினோ 1984இல் 48 முறை எறிந்து எல்லையைத் தொடவைத்தார். அவற்றில் 18 மார்க் கிளேட்டன் பிடித்தவை. மரினோ 2005இல் புகழ்மண்டபத்துக்குள் புகுந்தார். அவரிடமிருந்து மொத்தம் 79 பந்துகளை எல்லைக்குள் கொண்டுசேர்த்த கிளேட்டனுக்கு 2025 வரையில் அங்கே இடமில்லை. மரினோ எறிந்தால் யாரும் பிடிப்பார்கள் என்று நினைத்துவிட்டார்கள் போலும். மாறாக ஜெர்ரி ரைஸ் இருக்கிறார். ஜோ மான்டானா எறிந்தும் பிடித்தார். அவருக்குப் பின் ஸ்டீவ் யங் எறிந்தும் பிடித்தார். யங் இதற்கு முன்பு டாம்பாவில் ஆடியபோது தொடங்கிய 19 ஆட்டங்களில் 16இல் தோற்றவர். ரைஸுடன் சேர்ந்த பிறகு இருவருமாக 85 முறை எல்லையைத் தொட்டார்கள். மான்டானாவுடன் ரைஸ் தொட்டது 55. இதைக் காட்டி நாம் வென்றுவிட்டதாக எண்ணினோம். ரைஸ் வருவதற்கு முன்பே மான்டானா இரண்டு சூப்பர் பவுல் வென்றிருந்தாரே என்று மாப்பிள்ளை மடக்கினார். வழக்கு அத்துடன் நின்றது. விடிய இரண்டு மணி இருக்கும்.

அரிசோனாவின் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 2008ஆம் ஆண்டுப் பருவத்தின் இறுதிச் சுற்றுகளில், கர்ட் வார்னர் எறிய, நான்கே ஆட்டங்களில் 546 கஜம் ஓடியவர். வார்னர் 2010 ஜனவரியில் ஓய்வு பெற்றுவிட்டார். அதன் பின் எறிபவர்கள் மாறி மாறி வந்தார்கள்; இவர் மட்டும் அதே அணியில் 2020 வரை நின்று, 1,432 பந்துகளைப் பிடித்து முடித்தார். அரசியல்வாதி தொகுதி மாறுவதுபோல் அணி மாறும் ஆட்டத்தில் இது சிறிய காரியமன்று.

ஊருக்குப் புறப்படும் வாரத்தில் பேரன் நம்மிடம், "தாத்தா, ஆபீஸிலே நீங்கள் எறிந்தவரா, பிடித்தவரா?" என்று கேட்டான். குழந்தை விளையாட்டாகத்தான் கேட்டது. நாம் ஏதோ சொல்லி மழுப்பினோம்.

பம்பாயில் நாம் பணியாற்றிய அலுவலகத்தில் ஒரு நண்பர் இருந்தார். நம்மைவிட ஐந்து வயது மூத்தவர். புதிதாக வந்து மாதுங்காவில் ஒரே அறையில் நால்வராகக் குடியிருந்த நாள் முதல் பழக்கம். கணக்கில் அவர் அசகாய சூரர். ஆங்கிலத்தில் நாலு வரி எழுதச் சொன்னால் வியர்த்துவிடும். நமக்கு எழுத்து வரும். நாம் ஓர் அறிக்கை எழுதத் தொடங்கும் முன்பே, எந்தப் பக்கத்தில் எந்தப் புள்ளிவிவரம் வேண்டியிருக்கும் என்று ஊகித்து, பென்சிலால் எழுதிய துண்டுக் காகிதத்தை நம் மேசைக்கு அனுப்பிவிடுவார். நாம் கேட்டு அவர் கொடுத்ததாக நினைவில்லை. 1988இல் அவ்வாறு உருவான ஓர் அறிக்கை மேலிடத்தில் பெரும் பாராட்டைப் பெற்றது. அதில் நமது கையொப்பம் மட்டுமே இருந்தது. பதவி உயர்வு நமக்கு வந்தது. அவர் அதே நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்றார். நமது பிரிவுபசாரக் கூட்டத்தில் அதிகாரிகள் ஒன்பது பேருக்குப் பெயர் சொல்லி நன்றி கூறினோம். நண்பர் மூன்றாவது வரிசையில் அமர்ந்திருந்தார். நமக்காக டோம்பிவிலியிலிருந்து இரண்டு வண்டி மாறி வந்திருந்தார். அவர் பெயரை நாம் சொல்லவில்லை. மறந்துவிட்டோம் என்று இத்தனை நாள் நமக்கு நாமே சொல்லிக்கொண்டிருந்தோம். அது மறதியன்று.

ஆட்டத்தில் எறிந்தவனுக்குச் சிலை. எங்கள் அலுவலகத்தில் பிடித்தவனுக்கு நாற்காலி. முறை தலைகீழ், அவ்வளவே வேற்றுமை.

திரும்பி வந்த பத்தாம் நாள் டோம்பிவிலி சென்றோம். நண்பருக்குச் செவி சற்று மந்தமாகிவிட்டது. 1988ஆம் ஆண்டு அறிக்கையைப் பற்றிச் சொல்லி, "அதில் உங்கள் பெயரையும் போட்டிருக்க வேண்டும்; போடாதது என் தவறு," என்றோம், இரண்டு முறை, உரத்த குரலில். அடுப்பங்கரையிலிருந்து அவருடைய மனைவியார் எட்டிப் பார்த்தார்.

நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஏழாம் பக்கத்து அட்டவணையில் ஒரு தொகையை மாற்றிப் போட்டுவிட்டீர். அதைத்தான் எனக்குப் பொறுக்க முடியவில்லை," என்றார். காப்பி வந்தது. பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, அமெரிக்காவில் என்ன பார்த்தீர் என்று அவரும் கேட்டார். யூனிடாஸ், பெரி கதையை முழுவதும் சொன்னோம். சிலையைப் பற்றியும் சொன்னோம்.

"அந்தப் பெரி பிற்பாடு என்ன ஆனார்?" என்றார் நண்பர்.

வேறோர் அணிக்குப் பயிற்சியாளராகி, 1986 ஜனவரியில் அதைச் சூப்பர் பவுல் வரையில் கொண்டுபோனார் என்றோம்.

"ஜெயித்தாரா?"

"இல்லை. 46க்கு 10 என்று தோற்றார்கள்."

நண்பர் அந்த எண்களைத் தாழ்ந்த குரலில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "முப்பத்தாறு வித்தியாசம்," என்றார்.