அந்த நாலு வரி

வாலாஜாபாத் சுற்றுவட்டாரத்தில் ஏப்ரல் 14 வந்தால் சேரிக்குச் சேரி அம்பேத்கர் பிறந்தநாள் விழா. கோலம், ஓட்டப்பந்தயம், இப்போதெல்லாம் கவிதைப் போட்டியும் உண்டு. அப்படி ஒரு போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டார்கள். பரிசு வாங்காத தாளிலும் குறை நிறை எழுதித்தான் திருப்பிக் கொடுப்பேன் என்று சொல்லித்தான் போனேன்.

காரணம் இருக்கிறது. நம் பிள்ளைகளின் எழுத்துக்கு இரண்டே பதில்தான் கிடைக்கிறது. வெளியே இருப்பவர்கள் 'உணர்ச்சி இருக்கு, கவிதை இல்லை' என்பார்கள். உள்ளே இருக்கிற நாம், நம்ம புள்ள எழுதினதே பெருசு என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விடுவோம். முன்னது மேட்டிமை. பின்னது மட்டும் என்னவாம்? இதுக்கு மேல இதுங்களுக்கு வராது என்று நாமே முடிவு கட்டிவிட்டோம், அவ்வளவுதான்.

வந்தவை 23 கவிதைகள். 14-இல் 'விடியல்' இருந்தது. அண்ணல் பெரும்பாலும் சூரியனாகவே வந்தார். 1927-இல் மகத் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்த மனிதராக ஒன்றில்கூட வரவில்லை. 'சூரியனை எடுத்துட்டு அவர் செஞ்ச ஒரு காரியத்த எழுது' என்று பென்சிலால் ஓரத்தில் எழுதி எழுதிக் கை வலித்தது.

ஒரு கல்லூரி மாணவியின் கவிதை வேறு மாதிரி. அரிசி மில் களத்தில் வெயிலில் நெல்லைக் காலால் தள்ளிக் காயவைக்கிற அம்மாவைப் பற்றியது. அம்மாவின் பித்தவெடிப்பில் உமி ஏறிக் கிடப்பதையும், ராத்திரி மகள் ஊக்கால் அதை எடுப்பதையும் எழுதியிருந்தாள். கூட இருந்த நடுவர் 'கொச்சை' என்றார். பித்தவெடிப்புக்கு வேறு என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன், பதில் இல்லை. நாம்தேவ் தசாலின் 'கோல்பிதா' 1972-இல் வந்தபோது, முன்னுரை எழுதிய விஜய் டெண்டுல்கர் தனக்குப் புரியாத சொற்களுக்குக் கவிஞரிடமே அர்த்தம் கேட்டுக்கொண்டார். 'கருக்கு' 1992-இல் வந்து எத்தனை வருஷமாகிறது! நம் நடுவர்கள் இன்னும் கேட்கக்கூடப் பழகவில்லை.

ஆனால் அந்தக் கவிதையின் கடைசி நாலு வரி 'பெண்ணே பொங்கி எழு' ரகம். அதை அடித்துவிடச் சொன்னேன்.

"அத எடுத்துட்டா போராட்டம் எங்க சார் இருக்கு?"

"ஊக்குல இருக்கும்மா. அந்த எடத்துல உனக்கு வேற எதுவும் தோணலியா?"

ரொம்ப நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தோணுச்சு சார். சாயங்காலம் களத்தக் கூட்டும்போது எங்கம்மா மடியில ஒரு பிடி நெல்லு முடிஞ்சிக்கும். அத எழுதிட்டு அடிச்சிட்டேன். கேடயம் வாங்கிக் குடுத்ததே அந்த மில்காரருதான். மொத வரிசையில வந்து உக்காருவாரு. பரிசு வந்தா மேடையில படிக்கணுமாமே."

இலக்கிய விமர்சனம் படித்தவர்கள் இந்த இடத்தில் என்ன சொல்வார்களோ தெரியாது. உண்மையை எழுது என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். வேலை போவது அவள் அம்மாவுக்கு. (மில் எது, விழா எந்த வருஷம் என்பதை எழுதப்போவதில்லை. இவ்வளவும் அவளைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.)

விழாக் குழுப் பையன்களிடம் பேசினேன். பரிசுக் கவிதையை மேடையில் படிப்பது எழுதியவர் விருப்பம் என்று மாற்றினார்கள். கேடயத்துக்கு அடுத்த வருஷம் வீட்டுக்கு இருபது ரூபாய் வசூலிப்பது என்றும் பேச்சு. முதல் பரிசு அவளுக்குத்தான். பெயர் கூப்பிட்டதும் மேடைக்கு வந்து கேடயத்தை வாங்கிக்கொண்டு, மைக்கைத் தொடாமல் இறங்கிப் போனாள்.

அடித்த வரிகளோடு முழுக் கவிதையும் அவள் நோட்டில் இருக்கிறது. எனக்குப் படித்துக் காட்டினாள். ஒரு வரி இன்னும் இழுவையாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.