இரண்டு சிப்பாய்கள்

போர் இலக்கியம் நமக்கு நிறையவே உண்டு என்று சொல்லிக்கொள்வது ஒரு பழக்கம். புறத்திணை இருக்கிறது, பரணி இருக்கிறது, பின்னால் வந்த சரித்திர நாவல்களின் குளம்போசை இருக்கிறது. இவை எல்லாவற்றிலும் போரைப் பார்த்துச் சொல்பவன் புலவன்தான். சண்டை போட்டவன் அல்ல. சண்டை முடிந்து வீட்டுக்கு வந்தவன் திண்ணையில் உட்கார்ந்து என்ன பேசினான், பேசினானா என்பதைப் பற்றித் தமிழில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை.

பழங்கதையை விட்டுவிடலாம். இரண்டாவது உலக யுத்தத்தில் இந்திய ராணுவம் 25 லட்சம் பேரைத் தாண்டியது. கட்டாயம் செய்து யாரையும் சேர்க்கவில்லை. மானம் பார்த்த பூமியிலிருந்து சம்பளத்துக்கும் சோற்றுக்கும் போனவர்கள் அதிகம். அவர்கள் ஊருக்குக் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதங்களை ராணுவத் தணிக்கை பிரித்துப் படித்து, வேண்டிய பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து, சிப்பாய்களின் மனநிலை பற்றி மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியது. அறிக்கைகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. எழுதியவனின் பாஷை போய், வேவு பார்த்தவனின் பாஷை மிஞ்சியிருக்கிறது.

ப. சிங்காரத்தைச் சொல்வார்கள், சொல்ல வேண்டியதுதான். 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வந்தபோது அதைக் கவனித்தவர்கள் சொற்பம். யுத்தத்தையும் இந்திய தேசிய ராணுவத்தையும் அதற்கு நிகராகத் தமிழில் யாரும் எழுதவில்லை. ஆனால் சிங்காரம் சிப்பாயாக இருந்தவரல்ல. மேடானுக்குக் கடை வேலைக்குப் போய், திரும்பி வந்து, மதுரையில் பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்த்து, ஒய்.எம்.சி.ஏ. அறை ஒன்றில் தனியாக வாழ்ந்தவர். பாண்டியனின் பிரக்ஞை படித்தவனின் பிரக்ஞை. அது குறையில்லை. படிக்காதவனின் யுத்தம் வேறு என்று மட்டும் சொல்கிறேன்.

சிம்மக்கல்லில் எழுபதுகளின் இறுதியில் எனக்கு அப்படி இரண்டு பேரைத் தெரியும். நூலகத்திலிருந்து யானைக்கல்லுக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடை பெஞ்சில் சாயங்காலம் இருவரும் இருப்பார்கள். ஒருவர் மதராஸ் சாப்பர்ஸில் நாயக்காக இருந்து யுத்தம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். மற்றவர் மலாயா ரப்பர் தோட்டத்திலிருந்து நேதாஜியின் படையில் சேர்ந்தவர். முன்னவர் பின்னவரை "நேதாஜி" என்பார். பின்னவர் முன்னவரை "சுபேதாரே" என்பார். சுபேதார் ஆகும் முன்பே படையை விட்டு வந்தவரை அப்படிக் கூப்பிடுவதில் கொஞ்சம் கிண்டல் உண்டு.

சாப்பருக்கு யுத்தம் என்றால் பாலம். 1944 டிசம்பரில் கலேவாவில் சிந்துவின் நதிக்கு மேல் 1,150 அடிக்கும் மேற்பட்ட மிதவைப் பாலம் போட்டார்கள், பெய்லி பாலம். அதைத் தீப்பெட்டிகளை வைத்து எனக்கு விளக்கியிருக்கிறார். ஒரு சட்டம் 10 அடி நீளம், சுமார் 260 கிலோ எடை, தூக்க ஆறு பேர். "ஆறு பேருல ஒருத்தன் சோம்பேறின்னா அஞ்சு பேரு முதுகு போச்சு தம்பி." குண்டு விழுந்ததைப் பற்றி ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். முதுகைப் பற்றி நேரம் போவது தெரியாமல் பேசுவார். மலேரியாவுக்காகத் தினமும் அணிவகுப்பில் நிற்கவைத்து மெப்பாக்கிரின் மாத்திரை விழுங்கவைத்ததையும், தோல் மஞ்சளாகிப்போனதையும், அந்த மாத்திரை ஆண்மையைக் கெடுக்கும் என்று ஆட்கள் பயந்ததையும் சிரிக்காமல் சொல்வார். 1889இல் கட்டிய ஏ.வி. பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் அதன் வளைவுகளை எண்ணுவார்.

அவருடைய பேச்சில் பாதி ராணுவத்து இந்துஸ்தானி. அதை ரோமன் எழுத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார்களாம். தமிழ் எழுத்தே சரியாக வராதவர், தெரியாத பாஷையைத் தெரியாத எழுத்தில் படித்து, அதில் உத்தரவு வாங்கி, தெரியாத நாட்டில் வேலை செய்திருக்கிறார். இந்த அனுபவத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பது நமக்கு உத்திப் பிரச்னை. அவருக்கு ஆறு வருஷ வாழ்க்கை.

ஒருநாள் ஐராவதி பற்றிப் பேச்சு வந்தது. 1945 பிப்ரவரி 14 அதிகாலை, ஞாவுங்-ஊ அருகே பிரிட்டிஷ் இந்தியப் படையின் ஏழாவது டிவிஷன் ஆற்றைக் கடந்தது. ஆறு அங்கே ஒரு மைலுக்கு மேல் அகலம். எதிர்க்கரையில் ஜப்பானியரோடு ஜி. எஸ். தில்லானின் நேரு ரெஜிமெண்ட் இருந்தது. மலாயாவில் சேர்ந்த தமிழர்கள் அதில் ஏராளம். இருட்டோடு முடிய வேண்டிய வேலை, படகுகளின் மோட்டார்கள் மக்கர் செய்ததால் விடியும்வரை இழுத்தது. கரையிலிருந்து மெஷின்கன் சுட்டது. இவையெல்லாம் நான் புத்தகத்தில் படித்தவை. அவர்கள் பேசிக்கொண்டது வேறு.

"அந்தப் படகெல்லாம் நீங்க ஓட்டுனதா?" என்றார் மலாயாக்காரர்.

"எங்க ஓட்டுனோம்? மோட்டாரு கெளம்பல. அதைத்தான் கழட்டிப் பாத்துக்கிட்டுக் கெடந்தோம்."

"அதான் ஆத்து நடுவுல நின்னுச்சா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு சாப்பர் கேட்டார்: "அன்னைக்கி ஒங்களுக்கு என்ன சோறு போட்டாங்க?"

"சோறா?" என்று மற்றவர் சிரித்தார். சாப்பரும் சிரித்தார். அப்புறம் பேச்சு, அந்த வருஷம் அழகர் இறங்க ஆற்றில் தண்ணீர் வருமா என்பதற்குப் போய்விட்டது.

நண்பர்கள் சிலர் இதைக் கதையாக எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எழுதினால் ஒருவர் கையில் துப்பாக்கியும் மற்றவர் படகிலுமாக, ஒரே தெருக்காரர்கள் என்று கடைசி வரியில் தெரியவர வேண்டியிருக்கும். அப்படி நடந்ததாக இருவரில் யாரும் சொல்லவில்லை. நடக்கவில்லை என்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நிரப்பும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. அவர்கள் முப்பது வருஷமாகக் காப்பாற்றிவந்த ஒன்றை என் வசதிக்காக உடைப்பது கலையாகாது.

தேசம் இதையெல்லாம் வேறுவிதமாகக் கணக்குப் பார்த்தது. 1945 நவம்பரில் செங்கோட்டையில் தில்லான் உட்பட மூன்று அதிகாரிகள் மேல் நடந்த வழக்கு நாட்டையே உலுக்கியது. 1972க்குப் பிறகு மலாயாக்காரருக்குத் தியாகி பென்ஷன் கிடைத்தது. சாப்பருக்குப் பதினைந்து வருஷ சர்வீஸ் இல்லாததால் பென்ஷன் இல்லை. ஒரு பர்மா ஸ்டார் மெடல் இருந்தது. இந்த வித்தியாசத்தை நான் ஒருமுறை எடுத்துச் சொன்னபோது மலாயாக்காரர்தான் முகம் சுளித்தார். பென்ஷன் வந்த அன்று டீக்கு அவர் காசு கொடுப்பார்; அது அவர்களுக்குள் ஏற்பாடு.

பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரங்கூனுக்கு வடக்கே தௌக்கியானில், உடல் கிடைக்காத சுமார் 27,000 பேரின் பெயர்களைத் தூண்களில் வெட்டியிருக்கிறார்கள். தமிழ்ப் பெயர்கள் அதில் ஆங்கில எழுத்தில் உண்டு. மறுபக்கத்தில் இறந்தவர்களுக்காக 1945 ஜூலையில் சிங்கப்பூர்க் கடற்கரையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தை, செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் வெடி வைத்துத் தகர்த்தார்கள். தோட்டத்திலிருந்து போய் ஐராவதிக் கரையில் விழுந்தவனுக்குக் கல்லும் இல்லை, ஆங்கில எழுத்தும் இல்லை.

வைகைக் கரையில், தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில், 2006இல் சில நடுகற்கள் கிடைத்தன. 2,000 வருஷத்துக்கும் முற்பட்ட தமிழ்-பிராமி எழுத்து. அதில் ஒன்று, ஆநிரை கவர்ந்த சண்டையில் இறந்த ஒருவனுடையது. அவன் ஊர் இருக்கிறது, பெயர் இருக்கிறது, எந்த ஊர்ச் சண்டை என்பது இருக்கிறது. வீரன் என்று இல்லை. வென்றானா என்று இல்லை. அரசன் பெயரும் இல்லை. நம் போர் எழுத்தில் எனக்கு நம்பிக்கை தருவது இந்தச் சில சொற்கள்தான்.

சாப்பர் 1986இல் இறந்தார். மற்றவர் இரண்டு வருஷம் கழித்து. ஒரு சட்டத்துக்கு ஆறு பேர், மஞ்சள் தோல், கிளம்பாத மோட்டார், இல்லாத சோறு. இவ்வளவுதான் அவர்கள் சொன்னது. அதற்கு மேல் ஒரு சொல்லையும் நான் சேர்க்கவில்லை.