ஓரிரு இடங்களில்

தமிழ்நாட்டில் அதிகமாகக் கேலி செய்யப்படும் வாக்கியங்களில் ஒன்று, தொலைக்காட்சியின் வானிலைச் செய்தியில் வரும் ‘வெப்பச்சலனம் காரணமாக ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்’ என்பது. எந்த இடம் என்று சொல்லாமல் நழுவும் சாமர்த்தியம் என்றே பலர் அதை எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் ‘ஓரிரு இடங்கள்’ என்பதற்கு வானிலைத் துறையில் திட்டமான கணக்கு இருக்கிறது. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவாகும் என்று எதிர்பார்த்தால் ஓரிரு இடங்கள். 50 சதவீதம் வரை என்றால் சில இடங்கள். 75 வரை பல இடங்கள். அதற்கும் மேலே போனால் பெரும்பாலான இடங்கள். அதாவது, நான்கில் மூன்று ஊர்கள் நனையாது என்று முன்கூட்டியே ஒத்துக்கொள்கிற அறிவிப்பு அது. தமிழ்நாடு போன்ற மழை மறைவுப் பிரதேசத்தில் இதைவிட நேர்மையாகப் பேச முடியாது. அந்த வாக்கியத்தில் எனக்குள்ள சந்தேகமெல்லாம் அதன் முன்பாதியைப் பற்றித்தான். வெப்பம்தான் மழைக்குக் காரணம் என்ற நினைப்பை நாள்தோறும் அது ஊட்டிக்கொண்டிருக்கிறது. இன்று வெயில் இப்படிக் கொளுத்துகிறதே, சாயங்காலம் கட்டாயம் மழைதான் என்று டீக்கடையில் சொல்பவர் அங்கிருந்துதான் பேசுகிறார்.

வெயில்தான் மழையைக் கொண்டுவருகிறது என்றால் சென்னையில் மே மாதம் கொட்டித் தீர்க்க வேண்டும். ஆண்டிலேயே மிகச் சூடான மாதம் அது. சராசரி மழையோ சுமார் 5 சென்டிமீட்டர்தான், அதிலும் புயல் கொண்டுவந்த பங்கு உண்டு. வெயில் சற்றுத் தணிந்த ஆகஸ்டில் அது சுமார் 14 சென்டிமீட்டர். தார் பாலைவனத்தைப் பார்த்தால் முரண் இன்னும் பெரிது. ஜூனில் ஜெய்சல்மேரின் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அங்கே பெரும்பாலும் எழுவது ‘ஆந்தி’ என்னும் புழுதிப்புயல்தான். மேகம் உருவாகாமல் இல்லை. அதன் அடிவயிறு தரையிலிருந்து மிக உயரத்தில் இருப்பதால், விழும் துளிகள் வழியிலேயே ஆவியாகிவிடுகின்றன. அப்படி ஆவியாகும்போது குளிர்ந்து கனத்த காற்று சரிந்து தரையை அறைந்து மணலைக் கிளப்புகிறது. ஈரமே இல்லாததால்தான் இப்படி என்றும் சொல்லிவிட முடியாது. பருவமழைக் காலத்தில் தாரின் மேலுள்ள காற்றில் நீராவி தாராளமாகவே இருக்கிறது என்பதை அமெரிக்க வானிலை அறிஞர் ரீட் பிரைசன் 1967-லேயே எடுத்துக்காட்டினார். அவர் காரணமாகக் கண்டது, அங்கே மேலிருந்து அமிழ்ந்துகொண்டேயிருக்கும் காற்றை. அந்த அமிழ்வுக்குப் புழுதியே காரணம் என்ற அவருடைய விளக்கத்தைப் பின்வந்தவர்கள் அப்படியே ஏற்கவில்லை. ஆனால் அமிழ்வு என்பது உண்மை.

சூட்டுக்கும் ஈரத்துக்கும் மேலாக ஒன்று வேண்டியிருக்கிறது. தரையில் சூடான காற்று மேலே போகும்போது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 10 டிகிரி குளிரும். அதிலுள்ள நீராவி மேகத்துளியாக மாறத் தொடங்கிவிட்டால் உள்ளிருந்து வெப்பம் வெளிப்பட்டு, குளிரும் வேகம் குறையும். அப்போது சுற்றியுள்ள காற்றைவிட அது சூடாகவே இருந்து, 15 கிலோமீட்டர் உயரம் வரைகூடத் தானாகவே ஏறிவிடும். வளிமண்டலம் நிலைகுலைந்திருக்கிறது என்று வானிலையாளர் சொல்வது இந்த நிலையைத்தான். ஒரு கிலோ காற்றுக்கு இப்படி எத்தனை ஜூல் ஆற்றல் கிடைக்கும் என்ற கணக்குக்குக் ‘கேப்’ என்று பெயர். அதிகாலையிலும் மாலையிலும் சென்னையிலிருந்து விடும் பலூன் தரும் வெப்ப, ஈரப்பத அளவுகளை வைத்து அதைப் போடுகிறார்கள். கோடையில் அந்தக் கணக்கு 2,000-ஐத் தாண்டுவது இங்கே செய்தியே இல்லை. ஆனாலும் பெரும்பாலான மாலைகள் வெறும் புழுக்கத்தோடு முடிகின்றன. ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சூடான வறண்ட அடுக்கு, கொதிக்கும் பானைமேல் மூடியாக உட்கார்ந்திருப்பதுதான் காரணம். அந்த மூடியைப் போட்டு வைப்பதில் மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பெரும்பங்கு உண்டு. தென்மேற்குக் காற்று மலையேறும்போது சின்னக்கல்லாறிலும் வால்பாறையிலும் தன் நீரைக் கொட்டிவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்கும்போது அழுத்தத்தால் சூடாகி, ஈரம் வற்றிக் கோயம்புத்தூருக்கு வருகிறது. ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழியிலும் பல்லடத்திலும் காற்றாலைகளை ஓயாமல் சுழற்றும் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று, இதுதான். கீழே காற்றாலைக்கு வேலை கொடுத்துவிட்டு மேலே மழையை மூடிவைக்கிறது. இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பார் சலித்துக்கொள்ளும் கச்சான் காற்றும் மலையைத் தாண்டி வந்து இதே வேலையைத்தான் செய்கிறது.

மூடியைத் திறப்பது எது என்பதற்கு நல்ல சான்று இந்தியப் பருவமழையின் ஓய்வு நாட்களில் கிடைக்கிறது. மத்திய இந்தியாவில் பருவமழை கொட்டும் நாட்களில் தமிழ்நாட்டில் மேல்காற்று வலுத்து வானம் வெறிச்சோடிக் கிடக்கும். பருவமழைத் தாழ்வு வடக்கே இமயமலை அடிவாரத்துக்கு நகர்ந்து, மத்திய இந்தியாவில் மழை ஓய்ந்தது என்று நாளிதழ்கள் கவலைப்படத் தொடங்கும் வாரத்தில்தான் இங்கே இடிமழை சூடுபிடிக்கும். மேல்காற்று தளர்ந்ததும் வங்கக்கடலின் ஈரக்காற்று பிற்பகலில் உள்ளே நுழைய இடம் கிடைக்கிறது. எதிரெதிராக வரும் கடற்காற்றும் மேல்காற்றும் முட்டிக்கொள்ளும் கோட்டில் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை. ஜவ்வாது மலையை ஒட்டியோ வேலூர், திருத்தணிப் பக்கமோ மாலையில் எழும் மேகங்கள் கிழக்கே நகர்ந்து, இரவு எட்டு, ஒன்பது மணிக்குச் சென்னையை எட்டும். தலைக்குமேல் 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் கீழைக்காற்று தனியே சீறிக்கொண்டிருக்கும். வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம் 1958-ல் விளக்கிய வெப்பமண்டலக் கீழை ஜெட் காற்று அது. மேகத்தின் தலையை அது மேற்கே இழுக்கும், கீழ்மட்டத்தில் வீசும் மேல்காற்று அதன் அடியைக் கிழக்கே தள்ளும். இந்த முரண் அளவோடு இருந்தால் ஏறும் காற்றும் இறங்கும் மழையும் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் விலகி நிற்கும். மேகத்தின் ஆயுள் நீளும்.

சூடு போதாது என்று சொல்லிவிட்டு, அது தேவையே இல்லை என்கிறாயா என்று கேட்கலாம். இல்லை. சூடு எங்கே, எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது முக்கியம். ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியும் நம்மைப்போல் பருவமழை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் நிலம்தான். அங்கே பிரிட்டிஷ் ஆய்வாளர் கிறிஸ்டோபர் டெய்லரும் சகாக்களும் செயற்கைக்கோள் படங்களை வைத்து 2011-ல் வெளியிட்ட முடிவு சுவையானது. முந்தைய மழையில் நனைந்த நிலமும் நனையாத நிலமும் அடுத்தடுத்துக் கிடக்கும் இடத்தில் புதிய இடிமழை பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. காய்ந்த பக்கம் சூடேறும், ஈரமான பக்கத்திலிருந்து காற்று அங்கே ஓடும், இரண்டும் சேரும் ஓரத்தில் மேகம் எழும். ஒரே சீராகக் கொளுத்தும் பெருநிலத்தைவிடத் திட்டுத்திட்டாகச் சூடேறிய நிலம் மழைக்கு உகந்தது. நேற்றைய மழைத் திட்டு இன்றைய மழைத் திட்டின் இடத்தை ஓரளவு முடிவு செய்கிறது என்றால், இடிமழை எப்படிப் பரவலாக இருக்க முடியும்?

தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழைதான் சோறு போடுகிறது, இந்த இடிமழையை ஏன் இவ்வளவு பேச வேண்டும் என்பது நியாயமான மறுப்பு. மாநிலச் சராசரியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை சுமார் 33 சென்டிமீட்டர், அக்டோபர் முதல் டிசம்பர் வரை சுமார் 44. இடையிலுள்ள தூரம் நினைப்பதைவிடக் குறைவு. தருமபுரி, சேலம், வேலூர்ப் பக்கங்களில் முதல் பருவத்தின் மழையே இரண்டாவதற்கு ஈடுகொடுக்கும் அல்லது மிஞ்சும். திருவண்ணாமலை, விழுப்புரத்துச் செம்மண்ணில் ஆடிப்பட்டத்து மானாவாரி நிலக்கடலை முழுக்க இதை நம்பித்தான் விதைக்கப்படுகிறது. பருவம் முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் எல்லா ஊருக்கும் ஏறக்குறைய சமமாகத்தானே வந்துவிடுகிறது என்றும் சொல்வார்கள். கூட்டல் சரிதான், ஆனால் கடலைச் செடி கூட்டல் போடுவதில்லை. பூத்து, விழுது மண்ணுக்குள் இறங்கும் சில வாரங்களில் மேல்மண் நெகிழ்ந்திருக்க வேண்டும். இறுகிப்போனால் விழுது மண்ணைத் துளைக்காமல் நிற்கும், காய் பிடிக்காது. அடுத்த மாதம் கொட்டுவது அதற்கு ஈடாகாது.

அப்படியானால் விமானத்தில் போய் உப்பைத் தூவி மழையை வரவழைத்துவிடலாமே என்ற யோசனை ஒவ்வொரு வறட்சியிலும் தலைகாட்டும். மழை மறைவுப் பிரதேசமான சோலாப்பூரில் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் நடத்திய சோதனையில், தகுந்த மேகங்களில் தூவியபோது சராசரியாகச் சுமார் 18 சதவீதம் கூடுதல் மழை கிடைத்ததாக முடிவு வந்திருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஏற்கெனவே மூடியைத் தாண்டி எழுந்துவிட்ட மேகத்துக்குத்தான் அந்த 18 சதவீதம். மூடியைத் திறக்கும் உப்பு எதுவும் கிடையாது.

செய்யக்கூடியது அளப்பது. ஓர் இடிமேகத்தின் மழைத் திட்டு ஐந்து, பத்து கிலோமீட்டர் குறுக்களவு; தனி மேகத்தின் ஆயுள் ஒரு மணி நேரத்துக்குள். தாலுகா அலுவலக வளாகத்தில் நிற்கும் சாதாரண மழைமானியின் வாய் 200 சதுர சென்டிமீட்டர். காலை எட்டரைக்கு அதில் எடுக்கும் அளவுதான் சுற்றியுள்ள நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டருக்கும் சாட்சி. மாவட்டச் சராசரி இயல்பிலிருந்து 19 சதவீதத்துக்குள் கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் ‘இயல்பான மழை’ என்று எழுதிவிடுவார்கள். அந்த இயல்புக்குள் தாலுகாவின் உட்பிரிவான ஒரு பிர்க்கா வெள்ளத்திலும் பக்கத்துப் பிர்க்கா விதைக் கடலையை இழந்தும் இருக்கலாம். மாநில அரசு 1,400 தானியங்கி மழைமானிகளை நிறுவும் வேலையை எடுத்துக்கொண்டது வரவேற்க வேண்டியது. ஆனாலும் மாநிலப் பரப்பான 1,30,000 சதுர கிலோமீட்டரை வகுத்தால் ஒன்றுக்குச் சுமார் 93 வருகிறது. ஐந்து கிலோமீட்டர் குறுக்களவுள்ள திட்டின் பரப்பு 20 சதுர கிலோமீட்டர்தான். இரண்டு மானிகளுக்கு நடுவே முழு மழையும் பதிவாகாமல் பெய்து முடியலாம். ரேடார் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பும், மூன்று மணி நேர முன்னறிவிப்பும் தரும். தரையில் விழுந்தது எவ்வளவு என்பதற்கு மானிதான் வேண்டும். எனவே ஊராட்சிக்கு ஒரு மழைமானி வையுங்கள். அளவெடுக்க அந்த ஊர்ப் பள்ளிக்கூடமே போதும். எடுத்த அளவை மாவட்டச் சராசரிக்குள் புதைக்காமல், ஊர்ப்பெயரோடு அன்றைக்கே வெளியிடுங்கள். பயிர்க் காப்பீட்டையும் வறட்சி நிவாரணத்தையும் அந்த எண்ணை வைத்தே முடிவு செய்யுங்கள்.