துருவின் மேல் பூசிய பூச்சு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டைக்கு வரும் வழியில் என் பழைய புல்லட் நின்றுபோனது. டேங்கில் பெட்ரோல் இருந்தது. பிளக்கில் தீப்பொறியும் வந்தது. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தால், வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய துண்டுகள் மிதந்தன. டேங்கின் உட்பூச்சு உரிந்து வந்து ஜெட்டை அடைத்திருந்தது.

வெயிலில் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். எங்கள் தெருவில் மெக்கானிக் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் டார்ச் அடித்து உள்ளே பார்த்தான். "அண்ணா, துருவ எடுக்காம அது மேலயே பூசி வெச்சிருக்காங்கணா. எப்படி நிக்கும்?" என்றான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வண்டி எங்கள் தெருத் தண்ணீரில் சாய்ந்து கிடந்தது. ஊர்த்தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. சேரி எப்போதும் பள்ளத்தில்தானே இருக்கும்! தண்ணீர் பெட்ரோலை விடக் கனம் என்பதால் டேங்கின் அடியில் போய்த் தங்கும். துரு அங்கிருந்துதான் தொடங்கும். அப்போது ஒரு பட்டறையில் கொடுத்தேன். பூச்சை ஊற்றி, டேங்கை உருட்டி, மறுநாளே தந்துவிட்டார்கள். உள்ளே பளபளவென்று இருந்தது. எனக்கும் அவசரம், எதையும் கேட்கவில்லை. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அதைத் தாங்காத பூச்சை இளக்கியும் விடும். துருவின் மேல் பிடிப்பில்லாமல் இருந்த பூச்சு எவ்வளவு நாள் நிற்கும்?

தம்பி டேங்கைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அத்தை வந்து உட்கார்ந்தார். அவருடைய மகன் இங்குள்ள ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. புல்லட் வாங்கியே தீருவேன் என்று நிற்கிறான்.

"நீயாவது சொல்லுப்பா. நமக்கு எதுக்கு அந்த வண்டி? அந்தப் பக்கம் ஒரு புள்ளைய கைய வெட்டிட்டாங்களே, டிவில பாத்தல்ல?"

அத்தை சொன்னது சிவகங்கை மாவட்டத்தில் நடந்தது. 2025 பிப்ரவரி 12 அன்று, மானாமதுரை அருகே மேலப்பிடாவூரில், புல்லட் ஓட்டி வந்த ஒரு தலித் கல்லூரி மாணவரைச் சாதியைச் சொல்லித் திட்டிக் கைகளில் வெட்டினார்கள் என்பது புகார். மூன்று பேர் கைது செய்யப்பட்டார்கள்.

தோழர்களே, இதை நான் எங்கிருந்து எழுதுகிறேன் என்று பாருங்கள். ராயல் என்ஃபீல்டு 2013இல் ஒரகடத்திலும், 2017இல் வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள வல்லம் வடகாலிலும் உற்பத்தியைத் தொடங்கியது. நாடு முழுக்க ஓடும் புல்லட் எங்கள் ஊர்ப் பக்கத்தில்தான் உருவாகிறது. இந்தத் தொழிற்பேட்டைகளுக்கு ஷிப்டு பஸ் ஏறும் கூட்டத்தில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்! தகட்டை வளைக்கும் கையில், பெயின்ட் அடிக்கும் கையில் யாரும் சாதி பார்ப்பதில்லை. அதே கை ஹேண்டில்பாரைப் பிடித்தால்தான் கண் உறுத்துகிறது.

என் அப்பா ஊர்த்தெரு வந்தால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனவர். முதல் சம்பளத்தில் சேர்த்த காசில் நான் இந்த வண்டியைப் பழையதாக வாங்கி வந்த அன்று அவர் சந்தோஷப்பட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஊரத் தாண்டினதும் ஸ்டார்ட் பண்ணு. சத்தம் கேக்க வேணாம்." அன்று அவரோடு சண்டை போட்டேன். அத்தையோடு சண்டை போட மனம் வரவில்லை. அப்பா, அத்தை இருவரின் பயத்துக்கும் ஆதாரம் இருக்கிறது.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர், இந்திய மண் அடிப்படையில் ஜனநாயகமற்றது, ஜனநாயகம் அதன் மேலடுக்கு மட்டுமே என்ற பொருளில் பேசினார். எம்.ஏ. வகுப்பில் தேர்வுக்காகப் படித்தேன். டேங்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்த அன்றுதான் அது எனக்கு உறைத்தது. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழக முதல்வர் அறிவித்தார். வரவேற்கிறேன். ஆனால் பெயர் மாறினாலும் எங்கள் தெரு பள்ளத்தில்தான் இருக்கிறது.

அதற்காகப் பூச்சே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பூச்சில்லாத வெறும் இரும்பு இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 இல்லாமல் நாம் காவல் நிலையத்தில் எதைக் காட்டிப் பேசுவோம்? அந்தச் சட்டத்தின்படி டிஎஸ்பி தகுதிக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும், 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். இதைக் கேட்டு நிற்க ஆள் இல்லாத இடத்தில் சட்டமும் உரிந்து விழும். எஃப்ஐஆரில் சரியான பிரிவு இருக்கிறதா என்று பார்ப்பதும், சாட்சிக்குத் துணையாக நிற்பதும் அலுப்பான வேலைதான். துருவைச் சுரண்டுகிற வேலை அது.

டேங்கைக் கழுவி, காய வைத்து, இருட்டில் டார்ச் விட்டுப் பார்த்தோம். ஓட்டை எதுவும் இல்லை. இருந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். பெட்ரோல் ஆவி மிச்சமிருக்கும் டேங்கில் வெல்டிங் வைத்தால் வெடிக்கும் என்பதால் தம்பி அதைத் தொடவே மாட்டான். பழைய பூச்சைக் கரைக்க இரண்டு நாள் ஆனது. பிறகு போல்ட், நட்டுகளைப் போட்டுக் குலுக்கினோம். துணியை முகத்தில் கட்டிக்கொண்டு ஆசிட்டை எடுக்கப் போனவனை நிறுத்தி, கையுறையும் மாஸ்க்கும் வாங்கி வந்தேன். "பழகிடுச்சுணா" என்றான். அந்தப் பழக்கம்தானே நம்மவர்களைக் கொல்கிறது? ஆசிட்டுக்குப் பின் சோடா உப்புக் கரைசலில் கழுவி, நன்றாகக் காய வைத்து, எத்தனால் தாங்கும் எபாக்ஸி பூசி, ஒரு வாரம் அப்படியே விட்டுவிட்டோம்.

அந்த வாரத்தில் அத்தை மறுபடி கேட்டார். மகனுக்கு ஒன்றும் ஆகாது என்று என்னால் உத்தரவாதம் தர முடியவில்லை. "இஎம்ஐ எவ்வளவு, வேலை நிரந்தரமான்னு அவன உக்கார வெச்சுப் பேசறேன் அத்தை. அது ஒத்துவரலன்னா வேணாம்னு நானே சொல்றேன். ஆனா நமக்கு எதுக்குன்னு மட்டும் என் வாயால சொல்ல மாட்டேன்" என்றேன். அவர் பதில் சொல்லாமல் எழுந்து போனார்.

நேற்று வண்டியை எடுத்தேன். வீட்டு வாசலிலேயே ஸ்டார்ட் பண்ணினேன்.

ஜெய்பீம்.