சிறுகக் கட்டிப் பெருக வாழ்

மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணு மற்றும் தொடர்பியல் துறை



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டபோது, கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இந்த வருஷம் முழுக்க என் மண்டைக்குள் ஓடியது கவிதை அல்ல, ஒரு எண். 13,10,720. அதைப் பற்றியே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம், காட்டை ஒட்டிய சிற்றூர். ராகியும் தக்காளியும் போடுவோம். அப்பா கைநாட்டு. அம்மா மூன்றாவது வரை. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான். மும்முனை கரண்ட் ராத்திரியில் வந்தால், அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு அரை மைல் நடந்துபோய் போர் மோட்டாரைப் போட வேண்டும். ராகி முற்றும் மாதங்களில் அந்த வழியில் யானை வரும். அதனால் இறுதியாண்டு ப்ராஜெக்ட் என்றதும் நான் யோசிக்கவே இல்லை. போனில் கூப்பிட்டால் மோட்டார் ஓட வேண்டும். ‘மோட்டார் ஓடுது’, ‘கரண்ட் இல்லை’ என்று அது தமிழில் பேசிச் சொல்ல வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு மெசேஜ் அனுப்பி என்ன பயன்?

நம் லேபில் இருக்கும் 8051-ஐ இன்டெல் கொண்டுவந்த வருஷம் 1980. அதில் ப்ரோக்ராமுக்கு இடம் 4 கிலோபைட். நாங்கள் வாங்கிய ஈஎஸ்பி32 போர்டில் 4 மெகாபைட். ஆயிரத்து இருபத்து நான்கு மடங்கு! “கடல் மாதிரி இடம் இருக்குடா, எல்லாத்தையும் போடலாம்” என்றான் என் ப்ராஜெக்ட் நண்பன். போட்டோம். ப்ளூடூத்தில் ஒரு ஆப், வைஃபையில் வோல்டேஜ் கிராஃப் காட்டும் பக்கம், என் தங்கச்சி குரலில் ஆறு அறிவிப்பு. குரல் மட்டும் ஒரு நொடிக்கு 8,000 பைட். ஆறு அறிவிப்பு, மூன்று மூன்று நொடி, ஆக 1,44,000. கம்பைல் செய்தால் சிவப்பு எழுத்தில் வந்தது: ‘ஸ்கெட்ச் டூ பிக்’. எங்கள் ப்ரோக்ராம் 17,84,000 பைட். அனுமதி 13,10,720.

நாலு மெகாபைட் போர்டில் ஏன் இவ்வளவு குறைவு? மெனுவைத் தேடியதில் ‘ஹியூஜ் ஆப்’ என்று ஒரு ஏற்பாடு கிடைத்தது. அதைத் தேர்ந்தெடுத்தால் ப்ரோக்ராமுக்கு 3 மெகாபைட். பக்கத்திலேயே ‘நோ ஓடிஏ’ என்று போட்டிருந்தது. அதை நாங்கள் படித்தோம், பொருட்படுத்தவில்லை. எல்லாம் உள்ளே போய்விட்டது. ரிவ்யூவில் கைதட்டல்! பொங்கல் லீவில் பெட்டியை மோட்டார் ரூமில் மாட்டிவிட்டு வந்தேன்.

பத்தே நாள். கரண்ட் போய் உடனே திரும்பி வந்தால் போர்டு குழம்பி, மோட்டாரை எடுக்க மறுத்தது. என் தப்பு; திருத்தம் ஒரே ஒரு வரி. ஆனால் அந்த ஒரு வரியை உள்ளே ஏற்ற எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. பெட்டியைக் கழற்றி, இரண்டு பஸ் மாறி, டிபார்ட்மெண்டுக்குக் கொண்டுவந்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை பெட்டி என்னிடம். அப்பா பழையபடி டார்ச்சோடு நடந்தார்.

புதன் ராத்திரி வழியில் யானை நின்றிருக்கிறது. மோட்டார் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு விடியும்வரை உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். அப்பா எனக்குச் சொல்லவில்லை. தங்கச்சிதான் போனில் சொன்னாள். “அண்ணா, அந்தப் பெட்டி இருந்திருந்தா அப்பா போயிருக்க மாட்டாரில்ல?” என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

மறுநாள் எங்கள் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. “உங்க வீட்டுக் கூரையை மாத்தினப்ப எங்கே படுத்தீங்க?” என்று கேட்டார். மாட்டுக் கொட்டகையில் என்றேன். “அவ்வளவுதான் ஓடிஏ” என்றார்.

யோசித்துப் பார்த்தால் அதுதான். கம்பி இல்லாமல் அப்டேட் செய்ய, நினைவகத்தில் ஒரே அளவில் இரண்டு அறை வேண்டும், ஒவ்வொன்றும் 13,10,720. பழைய ப்ரோக்ராம் ஒன்றில் ஓடிக்கொண்டே இருக்கும். புதியது மற்றதில் இறங்கும். முழுதாக இறங்கிய பிறகுதான் குடி மாறும். பாதியில் கரண்ட் போனாலும் பழையது அப்படியே இருக்கும். ஓசூரில் தயாராகும் ஏதர், டிவிஎஸ் ஐக்யூப், போச்சம்பள்ளி ஓலா ஸ்கூட்டர்களுக்கும் அப்டேட் இப்படிக் காற்றில்தான் வருகிறது. வண்டியைக் கழற்றித் தொழிற்சாலைக்குக் கொண்டுபோவதில்லை. நான் வீணாகக் கிடக்கிறது என்று நினைத்த பாதி இடம், நாளைய திருத்தத்துக்கான இடம்.

1977-ல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் 2023 நவம்பரில் உளற ஆரம்பித்தது. நினைவகச் சிப் ஒன்று பழுது. அங்கிருந்த ப்ரோக்ராமை முழுசாக வைக்க வேறு எங்கும் ஒரே இடமாகக் கிடைக்கவில்லை. துண்டு துண்டாகப் பிரித்து, கிடைத்த சந்துகளில் வைத்து, 2024 ஏப்ரலில் மறுபடி பேச வைத்தார்கள். கட்டளை ஒருவழி போகவே இருபத்திரண்டரை மணி நேரம்! அவ்வளவு தூரத்தில் இருப்பதைத் திருத்த அவர்களுக்கு வழி இருந்தது. தேன்கனிக்கோட்டையில் இருப்பதைத் திருத்த எனக்கு வழி இல்லை.

மறுபடி கணக்குப் போட்டோம். “குரல் ப்ரோக்ராம் இல்ல, அது சரக்கு. கோப்புப் பகுதியில வை” என்றார் மேடம். அங்கே சுமார் 14 லட்சம் பைட் சும்மா கிடந்தது. 1,44,000 அங்கே போனது. எங்கள் பக்கம் ஒரே தெருவில் மூன்று மொழி பேசுவோம். தெலுங்கு, கன்னடக் குரலும் சேர்த்தோம். அப்படியும் ப்ரோக்ராம் 16,40,000. போக வேண்டியது ப்ளூடூத்.

அது என் நண்பனின் மூன்று வார உழைப்பு. “எக்ஸ்டர்னல் வந்தா காட்ட என்னடா இருக்கு?” என்று இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் என்னோடு ஊருக்கு வந்தான். மோட்டார் ரூமுக்கு நடந்து பார்த்தான். திரும்பி வந்து அவனே அழித்தான். 11,26,000 பைட். எண்பத்தாறு சதவீதம்.

போன மாதம் இன்னொரு தப்பு தெரிந்தது. இந்த முறை தங்கச்சி பகலில் போய், போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். ஐந்து நிமிஷம். ஒரு ஸ்க்ரூவும் கழற்றவில்லை. அன்று ராத்திரி அப்பா கட்டிலில் படுத்தபடி போன் போட்டார். “மோட்டார் ஓடுது” என்றது அவர் மகளின் குரல். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

நண்பர்களே! நாளைக்கு நம்மில் பலர் சிப்காட்டில் இந்த மாதிரிப் பெட்டிகளோடுதான் வேலை செய்யப்போகிறோம். ஒரு வசதியைச் சேர்க்கும் முன் இரண்டு கேள்வி கேட்போம். இது யாருக்குத் தேவை? நாளைக்கு என் தப்பு தெரிந்தால், திருத்த இடம் மிச்சம் இருக்கிறதா?

எங்கள் பெட்டியில் இன்னும் 14 சதவீதம் மிச்சம். அதை நிரப்ப நண்பனிடம் புது யோசனை நிறைய இருக்கிறது. இப்போதைக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.