பிஷப்பைக் கொடு... ராஜாவைப் பிடி!

ஹாஸ்டல் செஸ் போர்டு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். ஒரு சிப்பாய் காணாமப் போயிருக்கும், அது இடத்துல பேனா மூடி நிக்கும். அந்த போர்டுல ஒரு தடவையாவது ராணியையோ யானையையோ வேணும்னே வெட்டுக் கொடுத்து, எதிராளி ராஜாவை மடக்கியிருக்கீங்களா? 'ஆமாம்'னா அந்தப் போதை உங்களுக்குப் புரியும். 'இல்லை'ன்னா, வாங்க... இது உங்களுக்காகத்தான்!

முதல் வருஷம் லைப்ரரியில் ஆண்டர்சன் ஆட்டத்தைப் பார்த்தேன். 1851, லண்டன். எதிரே கீசெரிட்ஸ்கி. ஒரு பிஷப், ரெண்டு யானை, கடைசியா ராணி... எல்லாத்தையும் தூக்கிக் கொடுத்துட்டு, மிச்சமிருந்த ரெண்டு குதிரை, ஒரு பிஷப்பை வெச்சே செக்மேட்! அன்னிக்குப் பிடிச்சது பைத்தியம். கையில் கிடைச்ச காயையெல்லாம் கொடுக்க ஆரம்பிச்சேன்.

விளைவு? காலேஜ் டீம் செலக்‌ஷன். கேஸ்லிங் செய்த ராஜாவுக்கு முன்னால நின்ன எச்7 சிப்பாயை என் பிஷப்பால 'டொக்'னு அடிச்சேன். ராஜா வெட்டினார். ஜி5-ல குதிரை, செக். ராஜா பழைய வீட்டுக்கே திரும்பினார். என் ராணி எச்5. அடுத்து எச்7-ல மேட்! சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டேன். எதிரே இருந்த சீனியர் அலட்டிக்காம தன் பிஷப்பை எஃப்5-க்கு நகர்த்தினார். எச்7-க்குக் காவல் வந்தாச்சு. என் பிஷப் போச்சு, தாக்குதல் போச்சு, டீமும் போச்சு.

ராத்திரி மெஸ்ஸில் அதே சீனியர் பக்கத்துல வந்து உட்கார்ந்தார். "தம்பி, பிஷப்பைக் கொடுத்தது தப்பில்லை. என்கிட்ட என்ன பதில் இருக்குன்னு நீ பார்க்கவே இல்லை பாரு... அதான் தப்பு!"

இந்தத் தாக்குதல் 17-ம் நூற்றாண்டு இத்தாலிக்காரர் கிரேக்கோ காலத்துலேயே உண்டு. அடிக்கிறதுக்கு முன்னால சில கேள்விகள் கேட்டுக்கணும். எஃப்6-ல எதிரியோட குதிரை இருக்கா? இருந்தா எச்5, எச்7 ரெண்டையும் அதுவே பார்த்துக்கும். அது அங்கே வராம இருக்க, இ5-ல நம்ம சிப்பாய் நிக்கணும். ஜி5-க்குப் போற நம்ம குதிரையை யாராவது வெட்ட முடியுமா? எச்7-ஐக் காப்பாத்த ஏதாவது காய் ஓடி வருமா? கடைசிக் கேள்விதான் முக்கியம்... ராஜா பயந்து திரும்பாம, தைரியமா ஜி6-க்கு முன்னேறி வந்தா?

ஸ்பீல்மன்னு ஒரு ஆஸ்திரிய ஆட்டக்காரர் 1935-ல தியாகம் பத்தியே ஒரு புத்தகம் எழுதினார். அவர் கணக்குல தியாகம் ரெண்டு வகை. எண்ணிப் பார்த்து வட்டியோட திரும்ப வாங்குறது ஒண்ணு. அது சும்மா பேருக்குத்தான் தியாகம். முடிவு வரைக்கும் எண்ணவே முடியாதது இன்னொண்ணு. அதுதான் நிஜம்.

ரெண்டாம் வருஷம் எப்படியோ டீமுக்குள்ள வந்துட்டேன். இன்டர் காலேஜ் போட்டி. ஒன்றரைக்கு ஒன்றரை, கடைசி போர்டு என்னுது. எதிராளி 'ட்ரா?'ன்னு கேட்டார். கடிகாரத்துல 11 நிமிஷம். போர்டைப் பார்த்தா... அதே எச்7! இந்த முறை இ6-ல அவர் சிப்பாயே நின்னு அவர் பிஷப்பை அடைச்சு வெச்சிருந்தது.

எண்ணினேன். ராஜா ஜி8-க்குத் திரும்பினா, ராணி எச்5. அவர் யானையை இ8-க்கு நகர்த்தி வழி விட்டாலும், எஃப்7-ல ஆரம்பிச்சு ஜி7 வரைக்கும் ராணி அஞ்சு மூவ், எல்லாமே செக், கடைசியில் மேட். எச்6-க்கு வந்தா, குதிரை நகர்ந்ததும் பின்னாலிருந்து பிஷப் செக். ஜி6-க்கு வந்தா? ஏழு நிமிஷம் எண்ணியும் முடிவு தெரியலை. ராஜா வெட்டவெளியில் நிப்பார், என் ராணி ஜி4-க்கு வரும்... அவ்வளவுதான் தெரிஞ்சுது.

கை நடுங்குச்சு. அடிச்சேன்.

அவர் ரொம்ப நேரம் யோசிச்சார். ராஜாவைத் தொட்டார். ஜி8!

ஜெயிச்சோம். ஆனா அதுக்கப்புறம் டீக்கடையில் அவரே கேட்டார், "பாஸ், நான் ஜி6 போயிருந்தா?" கையடக்க போர்டை விரிச்சு, கடைசி பஸ் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் நகர்த்திப் பார்த்தோம். ஒரு தடவை நான் ஜெயிச்சேன், அடுத்த தடவை அவர். முடிவே வரலை.

கோர்ஸ், வேலை, காதல்... நீங்களும் ஒருநாள் எதையாவது தூக்கிக் கொடுக்கத்தான் போறீங்க. கொடுங்க. ஆனா அதுக்கு முன்னால, உங்களுக்குப் பிடிக்காத அந்த ஜி6-ஐயும் ஒருதடவை பார்த்துடுங்க, ப்ளீஸ்!