கேமரன் மலை: இரண்டு பயணம், இரண்டு பில்

பள்ளி விடுமுறைக்கு முந்தைய வாரம், காலை நிகழ்ச்சியில் “விடுமுறைக்கு எங்கே போகிறீர்கள்?” என்று நேயர்களைக் கேட்டேன். லங்காவி, பினாங்கு, பாட்டி வீடு என்று பதில்கள் வந்துகொண்டிருந்தன. கிள்ளானிலிருந்து ஒரு தம்பி அழைத்தார். “அக்கா, பிள்ளைங்க கேமரன் மலைன்னு அடம் பிடிக்குதுங்க. போய்ட்டு வந்தவங்களக் கேட்டா ரெண்டாயிரம் வெள்ளி ஆச்சுங்கிறாங்க. அவ்வளவு ஆகுமாக்கா? நீங்க போயிருக்கீங்களா?”

நான் சிரித்து மழுப்பிவிட்டுப் பாட்டைப் போட்டுவிட்டேன். நேரலையில் சொல்ல வெட்கமாக இருந்த பதிலை இங்கே எழுதுகிறேன். போயிருக்கிறேன் தம்பி, இரண்டு முறை. முதல் முறை 2,240 ரிங்கிட் ஆனது. அதை கிரெடிட் கார்டில் கட்டி முடிக்க மூன்று மாதம் பிடித்தது. இரண்டாம் முறை 1,095 ரிங்கிட்தான். அதே ஐந்து பேர், அதே மூன்று நாள், அதே மலை.

முதல் பயணம்: டிசம்பர்

நான், கணவர், ஒன்பது வயது மகள், ஆறு வயது மகன், என் அம்மா. ஆண்டிறுதி விடுமுறை, சனிக்கிழமை காலை புறப்பாடு. பாதி மலேசியாவும் அன்று அதே சாலையில் ஏறியது போலிருந்தது. தாப்பா வழியாக ஏறினோம். வளைவுகளில் மகன் இரண்டு முறை வாந்தி எடுத்தான். பிரிஞ்சாங்கிலிருந்து கீ ஃபார்ம் சந்தைக்குச் சில கிலோமீட்டர்தான். அதைக் கடக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. காருக்குள் பிள்ளைகள் அழ, ஜன்னலைத் திறந்து அவித்த சோளம் வாங்கினோம், பிறகு சாக்லேட் தோய்த்த ஸ்ட்ராபெரி, பிறகு மறுபடியும் சோளம். நெரிசலில் நிற்பதற்கும் காசு போகும் என்று அன்றுதான் தெரிந்தது.

வீடு திரும்பி ரசீதுகளைக் கூட்டினேன். தங்கிய அடுக்குமாடி வீடு இரவுக்கு 480 வீதம் இரண்டு இரவுக்கு 960 ரிங்கிட். பெட்ரோல், டோல் 150. சாப்பாடு 520, அதில் ஓர் இரவு ஸ்டீம்போட் மட்டும் 165. லாவெண்டர் தோட்டம், வண்ணத்துப்பூச்சிப் பண்ணை, ஆட்டுப் பண்ணை, இன்னொரு பூந்தோட்டம் என்று நான்கு நுழைவுச் சீட்டுக்கு 210. நாங்களே பறித்த ஒரு கிலோ ஸ்ட்ராபெரிக்கு 60. ஸ்ட்ராபெரி வடிவத் தலையணை, காய்கறி, பூந்தொட்டி, தேயிலை என்று வாங்கிச் சேர்த்தது 340.

இந்தப் பட்டியலில் ஒரு குவளைத் தேநீர் இல்லை. அது அம்மாவுடையது.

“நீங்க போய்ட்டு வாங்க”

என் அம்மா ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். பதினான்கு வயதில் கூடை மாட்டியவர், கல்யாணமாகி காஜாங்குக்கு வரும்வரை கொழுந்து பறித்திருக்கிறார். நாற்பது வருடங்களுக்குப் பிறகு அம்மாவை அழைத்துக்கொண்டு போகிறேன் என்று எனக்குப் பெருமை வேறு.

ஆனால் அம்மா காரை விட்டே இறங்கவில்லை. லாவெண்டர் தோட்டத்து வாசலில் கட்டணப் பலகையைப் பார்த்தார். “நீங்க போய்ட்டு வாங்க, எனக்கு முட்டி வலிக்குது.” வண்ணத்துப்பூச்சிக்கும் அதே முட்டி வலி. மூன்றாவது இடத்தில் நான் வற்புறுத்தியபோது, “பூவப் பாக்க எதுக்கும்மா காசு?” என்று மட்டும் கேட்டார்.

கடைசி நாள் சரிவைப் பார்த்தபடி இருக்கும் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். விலைப் பட்டியலை அம்மா நெடுநேரம் படித்தார். “ஒரு நாள் முழுக்கக் கொழுந்தெடுத்தாலும் அன்னைக்கு இந்த ஒரு குவளைத் தேத்தண்ணிக் காசு வராது புள்ள. எனக்கு வேணாம்.” பச்சைத் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

இறங்கும் வழியில் காரில் யாரும் பேசவில்லை. அன்றிரவு கார்டு பில்லை வைத்து எனக்கும் கணவருக்கும் நடந்த சண்டையை விட, அந்தக் குவளைதான் என்னை உறுத்தியது. அம்மாவை மலைக்கு அழைத்துப் போகவில்லை, ஒரு டிக்கெட் கவுன்டரிலிருந்து இன்னொரு டிக்கெட் கவுன்டருக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

இரண்டாம் பயணம்: மூன்று முடிவுகள்

அடுத்த தவணை விடுமுறையில் மறுபடியும் போனோம். இந்த முறை உட்கார்ந்து திட்டமிட்டோம். செலவைக் குறைத்தவை மூன்று முடிவுகள்.

முதலாவது, நாள். பள்ளிப் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு விடுமுறையை மாற்ற முடியாது, ஆனால் விடுமுறைக்குள் நாளை மாற்றலாம். சனி, ஞாயிறை விட்டுவிட்டுத் திங்கள் காலை ஏறிப் புதன் மாலை இறங்கினோம். தங்குமிடம் இரவுக்கு 230 ரிங்கிட், சாலையிலும் நெரிசல் இல்லை. பிள்ளைகள் இல்லாத இளையவர்கள் பள்ளி நாட்களில் போனால் இன்னும் குறையும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: தேயிலைத் தோட்டங்களின் பார்வையாளர் மையங்களில் சில திங்கட்கிழமை மூடியிருக்கும். திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு புறப்படுங்கள்.

இரண்டாவது, இடம். பிரிஞ்சாங்கை விட்டுவிட்டுத் தானா ராத்தாவில், சமையலறை உள்ள வீடாக எடுத்தோம். கடை, சாப்பாடு, பேருந்து நிலையம் எல்லாம் நடக்கும் தூரம். அரிசி, பருப்பு, சாம்பார்த் தூள் வீட்டிலிருந்தே வந்தன. காய்கறிக்கு மலையில் பஞ்சமில்லை. காலையும் இரவும் வீட்டுச் சாப்பாடு, மதியம் மட்டும் வெளியே. ஸ்டீம்போட் ஆசைக்கு மீன் உருண்டையும் கீரையும் வாங்கி, அடுப்பில் சட்டி வைத்து நாமே செய்தோம். வெளியே குளிர், நடுவில் கொதிக்கும் சட்டி. பிள்ளைகளுக்குக் கடைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. மொத்தச் சாப்பாட்டுச் செலவு 280.

மூன்றாவது, டிக்கெட். மூன்று நாளுக்கும் சேர்த்து ஒரே ஒரு கட்டண இடம். எது என்று பிள்ளைகளே பேசி முடிவு செய்ய வேண்டும் என்றோம். இரண்டு நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு ஆட்டுப் பண்ணை வென்றது, 55 ரிங்கிட். முதல் முறை நான்கு இடங்களை அரை மணி நேரம் வீதம் ஓடி ஓடிப் பார்த்தோம். இம்முறை ஒரே இடத்தில் அரை நாள். மகன் ஓர் ஆட்டுக்குப் பெயரே வைத்துவிட்டான்.

பெட்ரோல், டோல் 140. ஸ்ட்ராபெரியைப் பறிக்காமல் கீ ஃபார்ம் சந்தையில் டப்பாவாக வாங்கியதில் 30. தேயிலை, காய்கறி 130. காய்கறி விஷயத்தில் அம்மாவின் தீர்ப்பு தெளிவானது: “இதே கோஸு செலாயாங் மார்க்கெட்டுலயும் வருது. அதே கோஸத் தூக்கிட்டு மலையெறங்கணுமா?” கேமரன் காய்கறி கோலாலம்பூருக்கு நாள்தோறும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஊரில் கிடைக்காததையும், கிடைத்தாலும் இவ்வளவு புதிதாகக் கிடைக்காத கீரைகளையும் மட்டும், அதுவும் இறங்கும் நாளில் வாங்குங்கள்.

காசு கேட்காத மலை

இந்த மலைக்கு வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளரின் பெயர். 1885-இல் இப்பகுதியை அளக்க வந்தவர். தேயிலை வந்தது பிறகு. ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அந்தக் காட்டை அழித்துச் சரிவுகளில் செடி வைத்த கைகளில் பெரும்பாலானவை தமிழகத்திலிருந்து வந்த நம் கைகள். இன்று நாம் படம் எடுக்கும் பச்சைச் சரிவின் ஒவ்வொரு வரிசையிலும் அவர்களுடைய உழைப்பு இருக்கிறது.

பிரிஞ்சாங்கைத் தாண்டி இருக்கும் சுங்கை பாலாஸில் போ நிறுவனத்தின் தேநீர் மையம் இருக்கிறது. தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை. கொழுந்தை வாட்டி, உருட்டி, நொதிக்கவிட்டு, உலர்த்தி, தரம் பிரிப்பதை வரிசையாகப் பார்க்கலாம். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து சேர்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். இதை மகளிடம் சொன்னபோது, “அப்போ பாட்டி எத்தனை பாக்கெட் பறிச்சிருப்பாங்க?” என்று கணக்குப் போட ஆரம்பித்தாள். அங்கே போகும் சாலை குறுகலானது, எதிரே வண்டி வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். காலையிலேயே போய்விடுவது நல்லது. அவ்வளவு தூரம் ஏற முடியாதவர்களுக்கு, ரிங்லெட்டுக்கும் தானா ராத்தாவுக்கும் இடையே பிரதான சாலையோரத்திலேயே பாரத் தேயிலைத் தோட்டத்தின் சரிவுகள் தெரியும்.

தானா ராத்தாவிலிருந்து எண்ணிட்ட காட்டுப் பாதைகள் பல உண்டு. நான்காம் எண் பாதையில் பாரிட் நீர்வீழ்ச்சிவரை சிறு பிள்ளைகளும் நடக்கலாம். பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி கோயிலில் அம்மா ஒரு காலை முழுவதும் உட்கார்ந்திருந்தார். தாப்பா சாலையில் லாத்தா இஸ்கந்தார் நீர்வீழ்ச்சி இருக்கிறது. வழியோரம் ஒராங் அஸ்லி மக்கள் பெத்தாயும் தேனும் விற்கும் கடைகள் இருக்கின்றன. வளைவு ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருந்தால் சிம்பாங் பூலாய் வழி ஏறுங்கள், அந்தச் சாலை அகலம். எந்த வழியானாலும் அசாம்போய் ஒரு பாக்கெட் கையில் இருக்கட்டும். கார் இல்லாதவர்களுக்குக் கோலாலம்பூர் டிபிஎஸ் நிலையத்திலிருந்து தானா ராத்தாவுக்கு நேரடிப் பேருந்து உண்டு. ஆண்டிறுதி மழையில் மண்சரிவு அபாயம் இருப்பதால், புறப்படுமுன் சாலை நிலவரத்தையும் பார்த்துவிடுங்கள்.

இரண்டு இலை, ஒரு மொட்டு

புதன்கிழமை இறங்கும்போது, ரிங்லெட் அருகே அம்மா திடீரென்று, “அந்த ரோட்டுல கொஞ்சம் திருப்புப்பா” என்று மருமகனிடம் சொன்னார். இவ்வளவு நாளில் அம்மா தனக்காகக் கேட்ட முதல் இடம் அது.

லயம் இருந்த இடத்தில் லயம் இல்லை. வேறு வீடுகள், வெளியே காயும் சட்டைகள், யாரோ கைப்பேசியில் வங்காள மொழியில் பேசும் குரல். அம்மா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. “இங்கதான் பெரட்டு நிப்போம். காலையில அஞ்சரை மணி, இருட்டு. தண்டல் பேர் கூப்பிடுவாரு” என்று பிள்ளைகளுக்குக் காட்டினார்.

சாலையோரச் சரிவில் ஓர் இளைஞர் கத்தரியால் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார். வங்காளதேசத்துக்காரர். அம்மா மலாயில் பேச்சுக் கொடுத்தார். ஒரு நாளைக்கு எத்தனை கிலோ? கிலோவுக்கு என்ன காசு? மழையென்றால் என்ன செய்வீர்கள்? ஊரில் யார் இருக்கிறார்கள்? அவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். பிறகு அம்மா, “பிள்ளைங்க ஒரே ஒரு கொழுந்து பறிக்கட்டுமா?” என்று அனுமதி கேட்டார். அவர் தலையசைத்தார்.

“ரெண்டு எலை, நடுவுல ஒரு மொட்டு. கிள்ளக் கூடாது, ஒடிக்கணும்.” அறுபத்தேழு வயது விரல்கள் ஒடித்த வேகத்தைப் பார்த்து அந்த இளைஞர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். முட்டி வலியைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

மொத்தம் இருபது நிமிடம். செலவு ஒன்றுமில்லை. முதல் பயணத்தில் நான்கு டிக்கெட் வாங்கிப் பார்த்த எதையும் இன்று மகள் சொல்வதில்லை. பள்ளியில் விடுமுறைக் கட்டுரைக்கு அவள் எழுதியது இந்த இருபது நிமிடத்தைத்தான்.

கிள்ளான் தம்பிக்கு என் பதில் இதுதான். ரெண்டாயிரம் வேண்டாம், ஐந்து பேருக்கு ஆயிரத்துச் சொச்சத்தில் போய் வரலாம். வார நாளில் ஏறுங்கள், சமையலறை உள்ள வீடாக எடுங்கள், டிக்கெட் ஒன்றோடு நிறுத்துங்கள். வீட்டில் தோட்டத்தில் வளர்ந்த அப்பாவோ அம்மாவோ பாட்டியோ இருந்தால், இடங்களின் பட்டியல் போடுமுன் அவர்களிடம் கேளுங்கள். நான் இரண்டாம் முறைதான் கேட்டேன். அதுவும் நானாகக் கேட்கவில்லை, அம்மாவே வாய்விட்டுச் சொல்லவேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அங்கே வாங்கிய தேயிலையில் அம்மாவுக்கு ஒரு குவளை போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, “தூள் நல்ல தூள்தான், நீதான் சீனிய அள்ளிக் கொட்டிட்ட” என்றார். முழுவதும் குடித்து முடித்தார்.